பிலிம் மாஸ்க் வைத்து ஃபோட்டோலித்தோகிராஃபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்க் வழியாக யுவி ஒளி விட்டு நுண்ணிய வடிவத்தைப் பதிப்பதுதான் ஃபோட்டோலித்தோகிராஃபி. அதற்கு குரோம் மாஸ்க் வாங்க பட்ஜெட் இல்லை, காலேஜில் மாஸ்க் எழுதும் மெஷின் கிடையாது, ஆனால் மைக்ரோஃபுளூயிடிக்ஸ் (நுண்ணிய சேனல்களில் திரவத்தை ஓட்டும்) புராஜெக்டை மூன்று மாதத்தில் முடித்தாக வேண்டும். இந்த நிலையில் வந்து கேட்கும் மாணவர்கள் நிறைய பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் பெரும்பாலும் எஸ்யு-8 ரெசிஸ்டில் (ஒளி பட்டால் தன்மை மாறும் பூச்சு) வார்ப்பு அச்சு செய்து அதில் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) ஊற்றி எடுக்கும் வேலையை மனதில் வைத்து எழுதியது.

பிலிமில் அச்சடித்த மாஸ்க் உண்மையிலேயே வேலை செய்யுமா? ஜெராக்ஸ் ஷீட் மாதிரிதானே இருக்கிறது?

செய்யும். ஃபோட்டோலித்தோகிராஃபியில் மாஸ்க்கின் வேலை ஒன்றே ஒன்றுதான்: யுவி ஒளி படக்கூடாத இடத்தில் தடுப்பது, பட வேண்டிய இடத்தில் விடுவது. அதைக் குவார்ட்ஸ் மேல் உள்ள குரோம் செய்கிறதா, பாலியெஸ்டர் ஷீட் மேல் உள்ள வெள்ளி செய்கிறதா என்பது ரெசிஸ்டுக்குத் தெரியாது. 1998-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு வெளியிட்ட முறையே இதுதான். கேட் மென்பொருளில் சேனலை வரைந்து, உயர் ரெசல்யூஷன் பிரிண்டரில் டிரான்ஸ்பரன்சியாக எடுத்து, அதையே மாஸ்க்காக வைத்து ரெசிஸ்ட் அச்சு செய்து, பிடிஎம்எஸ் வார்த்து ஒட்டி, 24 மணி நேரத்துக்குள் கையில் சிப். சேனலின் அகலம் 20 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் போதும் என்றார்கள். உலகத்தில் இன்று பயாலஜி லேப்களில்கூட மைக்ரோஃபுளூயிடிக்ஸ் செய்கிறார்கள் என்றால் அதற்கு இந்த மலிவான பிலிம் ஒரு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

எத்தனை டிபிஐ வேண்டும்?

டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் பிரிண்டர் வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. முதலில் கணக்கு. ஒரு அங்குலம் 25,400 மைக்ரான். அதை டிபிஐ-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம் வரும். 3600 டிபிஐ என்றால் 7 மைக்ரான், 5080 என்றால் 5, 8000 என்றால் 3.2, 25,400 என்றால் சரியாக 1 மைக்ரான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புள்ளி 7 மைக்ரான் என்பதால் 7 மைக்ரான் கோடு வரும் என்று அர்த்தமில்லை. ஒரு கோட்டுக்குக் குறைந்தது நாலைந்து புள்ளியாவது அகலம் இருந்தால்தான் விளிம்பு ஓரளவு ஒழுங்காக வரும். அதோடு, மெஷின் லேசரை எவ்வளவு நுணுக்கமாக நகர்த்தும் என்பது வேறு, அந்த லேசர் புள்ளியே எவ்வளவு பெரியது என்பது வேறு. விளம்பரத்தில் போடுவது முதலாவதை மட்டும்தான், பல மெஷின்களில் லேசர் புள்ளி அந்த நகர்வு தூரத்தைவிடப் பெரியது. அதனால் நான் நம்பி வரைவது இப்படி: 3600-இல் 30 மைக்ரானுக்கு மேல், 8000-இல் 15 முதல் 20, இருபதாயிரத்துக்கு மேல் போனால் 10 மைக்ரான். நீங்கள் வரைந்திருக்கும் சேனல் 100 மைக்ரான் என்றால் 25,400 டிபிஐ-க்குப் பணம் கட்டத் தேவையே இல்லை. அந்தக் காசை நல்ல யுவி விளக்குக்குப் போடுங்கள்.

சாதாரண லேசர் பிரிண்டரில் ஓஹெச்பி ஷீட்டில் எடுத்தால்?

200 மைக்ரானுக்கு மேல் என்றால் முயன்று பார்க்கலாம். 1200 டிபிஐ என்று போட்டிருந்தாலும் டோனர் என்பது தூள், ஒவ்வொரு துகளும் சில மைக்ரான், அது விளிம்பைத் தாண்டிச் சிதறும். பெரிய பிரச்சினை கருமை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கருப்பு என்று நினைத்த இடத்தில் பொடிப்பொடியாக ஒளி கசியும். வெள்ளி எமல்ஷன் (ஜெலட்டினில் வெள்ளி கலந்த படலம்) உள்ள பிலிமில் ஆப்டிகல் டென்சிட்டி 4-ஐ ஒட்டி இருக்கும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் ஊடுருவும். டோனர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்று சரியாக வைத்து ஒட்டுவது பழைய பிசிபி (சர்க்யூட் போர்டு) வழக்கம், ஓரளவு உதவும். ஆனால் மேல் ஷீட்டுக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவில் ஒரு ஷீட் தடிமன் இடைவெளி வந்துவிடுகிறது. டிசைன் சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள இது போதும், அளவெடுக்கும் வேலைக்குப் போதாது.

நம்மூரில் இந்த பிலிம் எங்கே எடுப்பது?

முன்பெல்லாம் ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு பிலிம் எடுத்துத் தரும் இடங்களில் இமேஜ்செட்டர் (லேசரால் பிலிமில் எழுதும் மெஷின்) இருந்தது. பிரஸ்கள் பிலிமை விட்டுவிட்டு கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட்டில் எழுதும் சிடிபி-க்கு மாறிவிட்டதால் அவை குறைந்துவிட்டன. இன்று எளிதான வழி பிசிபி தொழில். பிசிபி செய்பவர்களுக்கு ஃபோட்டோபிளாட்டிங் (டிசைனை ஒளியால் பிலிமில் எழுதுவது) செய்து தரும் கடைகளைத் தேடுங்கள். கணக்கு வழக்கமாகப் பரப்பளவுக்குத்தான், அதனால் நாலைந்து டிசைன்களை ஒரே ஷீட்டில் அடுக்கி, நண்பர்களோடு பகிர்ந்து எடுத்தால் ஒரு மாஸ்க்குக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 10 மைக்ரான் வேலை என்றால் மைக்ரோஃபுளூயிடிக்ஸ் மாஸ்க்குக்கென்றே பிலிம் எழுதித் தரும் வெளிநாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன, கூரியரில் வரும்.

கடைக்காரரிடம் போனிலேயே மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: உண்மையான டிபிஐ, பிலிம் தடிமன், எந்த ஃபைல் வாங்குவார்கள். தடிமன் இரண்டு வகை கிடைக்கும், 0.1 மில்லிமீட்டர், 0.175 மில்லிமீட்டர். இரண்டாவதைக் கேளுங்கள், சுருங்கி நெளிவது குறைவு.

ஃபைலை எப்படித் தயார் செய்வது?

பாதிப் பிரச்சினை இங்கேதான். நான் முதன்முதலில் கொடுத்த டிசைனை கடையில் பிடிஎஃப்பாகத் திறந்து பக்கத்துக்குப் பொருந்துகிற மாதிரி சுருக்கி எடுத்துவிட்டார்கள், 97 சதவீதம். பார்வைக்குத் தெரியவே தெரியாது. சிப் செய்து, டியூப் செருகும் துளைகள் ஹோல்டரோடு பொருந்தாதபோதுதான் தெரிந்தது, அதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிலிமிலும் ஒரு ஓரத்தில் 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "50" என்று எழுதி வைப்பேன். பிலிம் வந்தவுடன் வெர்னியரை அதன் மேல் வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

டிஎக்ஸ்எஃப், ஜிடிஎஸ், கெர்பர் இந்த மூன்றில் ஒன்று கொடுங்கள், பிடிஎஃப் கடைசி வழி. வரைவதற்கு கேலேஅவுட் என்ற மென்பொருள் இலவசம், போதுமானது. ஆட்டோகேடில் வரைகிறீர்கள் என்றால் எல்லா உருவமும் மூடிய பாலிலைனாக (தொடர்கோடாக) இருக்க வேண்டும். கண்ணுக்கு மூடியது போலத் தெரியும், ஒரு மூலையில் அரை மைக்ரான் இடைவெளி இருக்கும், மாற்றும் மென்பொருள் அந்த உருவத்தையே விட்டுவிடும். அகலம் இல்லாத வெறும் கோட்டை சேனல் என்று நினைத்து அனுப்பாதீர்கள், அது பிலிமில் வராது அல்லது ஒரு புள்ளி அகலத்தில் வரும். இரண்டு உருவம் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் சில மென்பொருள்கள் அந்தப் பொது இடத்தைத் தலைகீழாக்கிவிடும், சேனல் சந்திக்கும் இடத்தில் நட்டநடுவே ஒரு கருப்புக் கட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள். எழுத்துகளை உருவமாக மாற்றுங்கள். வளைவுகளைப் பல சிறு நேர்கோடுகளாக உடைக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு புள்ளி அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும்.

அப்புறம், அளவுகளை மெஷினின் புள்ளித் தூரத்தின் மடங்காக வையுங்கள். 5080 டிபிஐ என்றால் 5-இன் மடங்கு. 32 மைக்ரான் என்று வரைந்தால் ஒரு இடத்தில் 30, இன்னொரு இடத்தில் 35 என்று வரும். சாய்ந்த கோட்டில் படிக்கட்டு வருவதைத் தவிர்க்க முடியாது, அதனால் முக்கியமான சேனல்களைச் செங்குத்தாகவோ கிடைமட்டமாகவோ வரையுங்கள்.

எது கருப்பு, எது தெளிவு? ஒவ்வொரு முறையும் குழப்பமாக இருக்கிறது.

எஸ்யு-8 நெகட்டிவ் ரெசிஸ்ட், ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும். பிடிஎம்எஸ்-இல் சேனல் பள்ளமாக வர வேண்டுமென்றால் அச்சில் அது மேடாக இருக்க வேண்டும். ஆகவே சேனல் தெளிவு, மற்ற எல்லாம் கருப்பு. எஸ்1813 மாதிரி பாசிட்டிவ் ரெசிஸ்டில் ஒளி பட்ட இடம் கரைந்து போகும், அப்படியே தலைகீழ். கடைக்கு "நெகட்டிவ் வேண்டும்" என்று சொல்லாதீர்கள், அவர்கள் வழக்கத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கலாம். "சேனல் தெளிவாக, பின்னணி கருப்பாக" என்று எழுதி, ஒரு சின்னப் படமும் சேர்த்து அனுப்புங்கள்.

எமல்ஷன் பக்கம் என்கிறார்களே, அது எது? ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பிலிமின் ஒரு முகத்தில் மட்டும்தான் வெள்ளிப் படலம் இருக்கிறது. மறு முகம் வெறும் பாலியெஸ்டர். படலம் உள்ள முகம் ரெசிஸ்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் படத்துக்கும் ரெசிஸ்டுக்கும் நடுவே 175 மைக்ரான் பிளாஸ்டிக். அந்தத் தூரத்தில் 365 நானோமீட்டர் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதாலேயே சுமார் 10 மைக்ரான் தெளிவு போய்விடும். விளக்கின் ஒளி முழுக்க நேராக வராமல் 3 டிகிரி சாய்ந்து வந்தாலே இன்னும் பல மைக்ரான் கூடும். 8000 டிபிஐ-க்குக் காசு கொடுத்துவிட்டு பிலிமைத் திருப்பி வைத்தால் 2400 டிபிஐ தரம்தான் கிடைக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? பிலிமை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, கருப்புப் பகுதியில் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று விளக்கு தெரியும், மறுபக்கம் மங்கலாக, சற்றே மேடுபள்ளமாக, உருவம் லேசாகப் புடைத்துத் தெரியும். மங்கலான பக்கம்தான் எமல்ஷன். இன்னும் சந்தேகம் என்றால் டிசைன் இல்லாத மூலையில் பிளேடு முனையால் மெல்லச் சுரண்டுங்கள், கருப்பு உரிந்து வந்தால் அதுதான்.

ஆர்டர் கொடுக்கும்போது: "எமல்ஷன் கீழே இருக்க, மேலிருந்து பார்த்தால் எழுத்து நேராகப் படிக்க வேண்டும்." அப்போது வேஃபரில் (ரெசிஸ்ட் பூசிய சிலிக்கன் தட்டில்) டிசைன் நீங்கள் வரைந்தபடியே விழும். பிடிஎம்எஸ்-ஐ உரித்தெடுக்கும்போது கண்ணாடி பிம்பமாகத் தெரியும், பதறாதீர்கள், அதைக் கவிழ்த்து ஸ்லைடில் ஒட்டி மேலிருந்து பார்த்தால் திரும்பவும் நேராகிவிடும்.

பிலிம் வளைகிறதே, எப்படி வேஃபரோடு ஒட்டி நிற்க வைப்பது?

ஒரு சமமான கண்ணாடித் தட்டின் கீழ்ப்பக்கம் பிலிமை விளிம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள், எமல்ஷன் வெளியே பார்க்க. சாதாரண சோடா-லைம் கண்ணாடி 365 நானோமீட்டரை நன்றாகவே விடும், குவார்ட்ஸ் தேவையில்லை. டேப் வேஃபருக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வந்தால் அதன் தடிமனே இடைவெளியாகிவிடும்.

பலர் கவனிக்காதது ரெசிஸ்டின் விளிம்பு. சுழற்றிப் பூசும்போது வேஃபர் ஓரத்தில் ஒரு வரப்பு மாதிரி தடித்துவிடும். 100 மைக்ரான் எஸ்யு-8-இல் இது கையால் தொட்டாலே தெரியும் உயரம். பிலிம் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொள்ள, நடுவில் இடைவெளி விழும். பேக் செய்யும் (சூடாக்கும்) முன் கரைப்பானில் நனைத்த துணிக்குச்சியால் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள்.

ரெசிஸ்ட் பிசுபிசுப்பாக இருந்தால் பிலிம் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது எமல்ஷன் உரிந்து வரும். சாஃப்ட் பேக் (ஒளி காட்டும் முன் சூடாக்குவது) நேரத்தைக் குறைக்காதீர்கள், வேஃபர் முழுக்க அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகுதான் பிலிமை வையுங்கள்.

யுவி விளக்கு வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நெயில் பாலிஷ் காயவைக்கும் பெட்டி மாதிரி நாலாபுறமும் எரிவது வேண்டாம். மங்கல் எவ்வளவு வரும் என்பதற்கு எளிய கணக்கு: இடைவெளி பெருக்கல் விளக்கின் அகலம் வகுத்தல் விளக்கின் தூரம். பிலிமுக்கும் ரெசிஸ்டுக்கும் 10 மைக்ரான் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் அகல விளக்கு 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் விளிம்பு 10 மைக்ரான் மங்கும். 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றை எல்இடி 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் 0.2 மைக்ரான்கூட இல்லை. எக்ஸ்போஷர் (ஒளி காட்டும்) நேரம் கூடும், பரவாயில்லை, காத்திருங்கள்.

365 நானோமீட்டர் எல்இடி-யாகப் பார்த்து வாங்குங்கள். 405 மலிவாகக் கிடைக்கும், ஆனால் எஸ்யு-8 அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. யுவி தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் விளக்கைப் பார்க்கவே கூடாது, 365 கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், அதனால்தான் கூடுதல் ஆபத்து.

டேட்டாஷீட்டில் சொன்ன டோஸ் (ஒளியின் அளவு) கொடுத்தும் டெவலப் செய்யும்போது (இறுகாத ரெசிஸ்டைக் கரைத்து எடுக்கும்போது) உருவம் பெயர்ந்து வருகிறது. ஏன்?

பிலிமும் கண்ணாடியும் ஒளியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன, அதனால் ரெசிஸ்ட் சரியாக இறுகுவதில்லை. எஸ்யு-8 2050 என்ற வகையை 45 முதல் 80 மைக்ரான் தடிமனுக்குப் பூசினால் சதுர சென்டிமீட்டருக்கு 150 முதல் 215 மில்லிஜூல் என்று போட்டிருப்பது ரெசிஸ்டின் மேல் விழ வேண்டிய அளவு. யுவி மீட்டரை கண்ணாடிக்கும் பிலிமின் தெளிவான பகுதிக்கும் கீழே வைத்து அளந்து, அதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுங்கள். சிலிக்கனுக்குப் பதில் கண்ணாடி ஸ்லைடில் செய்தால் டோஸ் இன்னும் ஒன்றரை மடங்கு வேண்டும்.

இரண்டு லேயர் டிசைன். பிலிமில் அலைன்மென்ட் (லேயர்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) சரியாக வருமா?

கவனமாக இருந்தால் 20, 30 மைக்ரானுக்குள் வரும். அதைவிட நுணுக்கம் கேட்டால் பிலிம் தராது, காரணம் பாலியெஸ்டர். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் மீட்டருக்குச் சுமார் 18 மைக்ரான் நீளும், குவார்ட்ஸ் அரை மைக்ரான்தான். ஈரப்பதம் ஒரு சதவீதம் ஏறினால் மீட்டருக்கு இன்னும் சுமார் 10 மைக்ரான். இதை நம்மூர் நிலைமைக்குப் போட்டுப் பாருங்கள்: ஏசி அறையில் 24 டிகிரி, 50 சதவீதம், வராந்தாவில் 34 டிகிரி, 75 சதவீதம். 100 மில்லிமீட்டர் பிலிம் 40 மைக்ரானுக்கு மேல் நீண்டுவிடும். கூரியர் கவரிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தாமல், எக்ஸ்போஸ் செய்யும் அறையிலேயே ஒரு இரவு முழுக்க விரித்து வையுங்கள். இரண்டு லேயரையும் ஒரே ஷீட்டில், ஒரே திசையில், பக்கம் பக்கமாக எடுங்கள், நீண்டாலும் இரண்டும் ஒரே அளவு நீளும்.

பிலிம் வந்தவுடன் என்ன பார்க்க வேண்டும்?

வெர்னியர் வேலை முடிந்ததும் மைக்ரோஸ்கோப்பில் கீழிருந்து ஒளி விட்டுப் பாருங்கள். எப்போதும் ஒரு மூலையில் 10, 15, 20, 30, 50, 100 மைக்ரான் கோடுகளை வரிசையாக வைத்திருங்கள், எது வரை பிரிந்து தெரிகிறது என்பதே அந்த மெஷினைப் பற்றிய உண்மை. 50 என்று வரைந்தது 46 என்று வந்தால் அடுத்த ஃபைலில் 4 கூட்டிக்கொள்ளலாம், ஒரே கடையில் எடுக்கும்வரை இந்த வித்தியாசம் பெரும்பாலும் மாறாது.

கருப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் எஸ்யு-8-இல் ஒரு குட்டித் தூணாக நிற்கும், பிடிஎம்எஸ்-இல் ஒரு குழியாகும். சேனலை விட்டு விலகி இருந்தால் விட்டுவிடலாம். சேனல் ஓரத்தில் இருந்தால், பிலிமில் புள்ளி அடைக்க பிரஸ்காரர்கள் வைத்திருக்கும் மையை நுனி மெலிந்த தூரிகையால் பின்பக்கத்திலிருந்து தொட்டு வையுங்கள்.

பெரிதாக அச்சடித்து கேமராவில் சிறிதாக்கிக்கொள்ள முடியாதா?

முடியும், தொழிலே அப்படித்தான் வளர்ந்தது. 1971-இல் வந்த இன்டெல் 4004-க்கான டிசைனை ரூபிலித் என்னும் சிவப்புப் படல ஷீட்டில் பல நூறு மடங்கு பெரிதாக வெட்டி, ஃபோட்டோ எடுத்துச் சிறிதாக்கித்தான் மாஸ்க் செய்தார்கள். அந்தச் சிப்பின் நுணுக்கம் 10 மைக்ரான், அதாவது இன்று நல்ல பிலிமில் நாம் எடுக்கும் அளவு. ஆனால் லென்ஸ், ஃபோகஸ், டெவலப்பிங் எல்லாவற்றையும் தனியாகக் கற்க வேண்டும். அதற்குப் பதில், மாஸ்க்கே இல்லாமல் புரொஜெக்டரை மைக்ரோஸ்கோப் லென்ஸ் வழியாக விடும் முறையைப் பாருங்கள். அமெரிக்காவில் சாம் ஸெலூஃப் என்ற இளைஞர் வீட்டு கராஜில் அப்படித்தான் 2018-இல் 6 டிரான்சிஸ்டர் உள்ள சிப் செய்து காட்டினார். பரப்பு சிறியதாக இருந்தால் அருமையான வழி. பெரிய சேனல் நெட்வொர்க்குக்கு பிலிம்தான் வசதி.

எப்போது குரோமுக்குப் போக வேண்டும்?

8 மைக்ரானுக்குக் கீழே போகும்போது, லேயர்கள் ஓரிரு மைக்ரானுக்குள் பொருந்த வேண்டும்போது, ஒரே டிசைனை நூற்றுக்கணக்கான முறை எடுக்கும்போது. நடுவில் ஒரு வழியும் உண்டு: ரெசிஸ்ட் பூசிய குரோம் பிளேட்டின் மேல் பிலிமை வைத்து எக்ஸ்போஸ் செய்து, செரிக் அமோனியம் நைட்ரேட் கலந்த எட்சன்டில் அரித்தால் பிலிமின் நகல் குரோமில் கிடைக்கும். நுணுக்கம் பிலிம் அளவுதான், ஆனால் அதற்குப் பிறகு நீளாது, கீறாது.

ஒரு பிலிம் எத்தனை முறை வரும்?

பார்த்து எடுத்தால் பல பத்து முறை. எமல்ஷன் பக்கத்தில் விரல் படக்கூடாது, தண்ணீர் வேண்டாம், அது ஜெலட்டின், ஊறிவிடும். தூசியைக் காற்றால் ஊதுங்கள், ரெசிஸ்ட் ஒட்டியிருந்தால் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட மென்துணியால் ஒரே திசையில் ஒருமுறை துடையுங்கள். சுருட்டி வைக்காமல், இரண்டு சுத்தமான தாளுக்கு நடுவே சமமாக, சிலிக்கா ஜெல் போட்ட கவரில் வையுங்கள். கவரின் மேல் தேதி, கடை, டிபிஐ, 50-க்கு அளந்தபோது எவ்வளவு வந்தது, எல்லாம் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஜூனியர் ஒருவர் அதை எடுக்கும்போது திரும்பவும் முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்காது.